தடிக்கும் சுவர்

சிறுநீரகம் பழுதாகிறது என்று கேள்விப்பட்டதும் எவரும் முதலில் அஞ்சுவது டயலிசிஸ் இயந்திரத்துக்குத்தான். கையில் ஊசியும் குழாயுமாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் படுத்திருக்க வேண்டிவருமே என்ற பயம். ஆனால் நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளில் பெரும்பாலானோர் அந்த இயந்திரத்தை எட்டுவதே இல்லை. அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் ஏறத்தாழ 28,000 நோயாளிகளை ஐந்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வொன்று 2004இல் வெளியானது. நோயின் மூன்றாம் நிலையில் இருந்தவர்களில் டயலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் வரை போனவர்கள் நூற்றுக்கு 1.3 பேர். அதே ஐந்தாண்டில் இறந்தவர்கள் நூற்றுக்கு 24 பேர். சிறுநீரக நோயாளிகளின் மரணங்களில் மிகப் பெரிய பங்கு இதயத்துக்கும் குருதிக்கலன்களுக்கும் உரியது.

இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில், பாலாவிப் பக்கத்து உப்பளமொன்றில் வேலை செய்யும் 52 வயது ஆணொருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பத்தாண்டாகச் சீனி வருத்தம். பிரஷருக்கும் குளுசை போடுகிறார். கால் வீங்குகிறது, ஆனால் நாள் முழுக்க நின்று வேலை செய்தால் யாருக்குத்தான் வீங்காது என்று விட்டுவிடுகிறார். குருதிப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.9 என்று வருகிறது. சிறுநீரகத்துக்கு ஒரு கிளினிக், ஒரு கொப்பி. நெஞ்சு இறுக்கம் என்று சொன்னதால் இதயத்துக்கு இன்னொரு கிளினிக், இன்னொரு கொப்பி. அங்கே அவரும் வீட்டாரும் கேட்பது ஒரே கேள்வி: “டொக்டர், அடைப்பு ஏதும் இருக்குதா?”

புத்தளம் கரையில் மட்டுமல்ல, தமிழ் பேசும் ஊர்கள் எல்லாவற்றிலும் இதய நோய் என்றால் அடைப்புத்தான். முடியுருநாடியில் கொழுப்புப் படிந்து குருதி போக வழியில்லாமல் போவது. இந்தப் படம் பிழையானதல்ல. ஆனால் சிறுநீரக நோயாளியின் இதயத்துக்கு அது போதாது. அவருடைய இதயத்தில் முதலில் கெடுவது பெரும்பாலும் குழாயல்ல, சுவர். எந்தப் படம் எடுத்தாலும் எந்தச் சமன்பாட்டைப் போட்டாலும், அந்தச் சுவரைப் பார்க்காதவரை அவருக்கு வரப்போகும் ஆபத்தைச் சரியாக மதிப்பிட முடியாது.

முதலில் அந்த 1.9ஐ வாசிக்கக் கற்போம். கிரியேட்டினின் என்பது தசைகள் அன்றாடம் உண்டாக்கும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. வடிகட்டல் குறைந்தால் குருதியில் அது தேங்கும். ஆய்வுகூடத் துண்டில் அச்சாகும் எண்ணைத் தனியாகப் பார்ப்பது ஆபத்தானது. 1.2 என்று ஒரு துண்டு வருகிறதென்று வைப்போம். பல ஆய்வுகூடங்களில் அது சாதாரண எல்லைக்குள், அல்லது எல்லையை ஒட்டி இருக்கும். 2021இல் திருத்தப்பட்டு இப்போது பரவலாகப் பயன்படும் சமன்பாட்டில் அதே 1.2ஐப் போட்டால், 25 வயது ஆணின் வடிகட்டும் வீதம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 86 மில்லிலீற்றர். 68 வயதுப் பெண்ணுக்கு அது 49. முதலாமவருக்கு அந்த எண்ணால் கவலையில்லை. அந்த அம்மாவோ சிறுநீரகத்தின் ஏறத்தாழ பாதி வேலைத்திறனை இழந்துவிட்டார். தசை குறைந்த முதிய பெண்களின் நோய் இப்படித்தான் ஆண்டுக்கணக்காகக் கண்ணில் படாமல் போகிறது. வயதையும் பாலையும் சேர்த்துக் கணக்கிட்ட வீதத்தை ஒவ்வொரு துண்டிலும் அச்சிடுவதற்கு மேலதிகச் செலவு எதுவும் இல்லை. அதைச் செய்யாமல் விடுவதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நம் உப்பளத் தொழிலாளிக்கு இதே கணக்கில் 42 வருகிறது. கலிபோர்னியாவில் 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2004இல் அலன் கோவும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் திருப்பங்களில் ஒன்று. வடிகட்டும் வீதம் 60க்கு மேல் இருப்பவரோடு ஒப்பிட்டால், 30க்கும் 44க்கும் இடையில் இருப்பவருக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற நிகழ்வுகளின் அபாயம் இரண்டு மடங்கு. 15க்குக் கீழே போனால் 3.4 மடங்கு. வயது, நீரிழிவு, குருதியமுக்கம் எல்லாவற்றையும் கணக்கிலிருந்து பிரித்தெடுத்த பிறகும் மிஞ்சும் அபாயம் இது. சிறுநீரகத்தின் நலிவு தானாகவே இதயத்தைத் தாக்குகிறது என்பதுதான் இதன் பொருள்.

எப்படித் தாக்குகிறது?

நலிந்த சிறுநீரகம் உப்பையும் நீரையும் முழுதாக வெளியேற்றாது. குருதியின் கனவளவு கூடுகிறது. அமுக்கம் ஏறுகிறது. அந்த அமுக்கத்தை எதிர்த்துத் தள்ள இடது இதயவறை தன் தசையைப் பெருக்கிக்கொள்கிறது. சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டின் குறைவதால் குருதிச்சோகை வருகிறது. ஒட்சிசன் குறைந்த குருதியைக் கூடுதலாக ஓட்ட வேண்டியிருப்பதால் இதயத்துக்கு மேலும் சுமை. வெளியேறாத பொசுபேற்று பெருநாடிச் சுவர்களில் கல்சியத்தோடு சேர்ந்து படிய, நெகிழ்ந்து கொடுக்க வேண்டிய நாடிகள் விறைக்கின்றன. விறைத்த நாடிக்குள் ஒவ்வொரு துடிப்பிலும் குருதியைத் தள்ளுவது இன்னும் கடினம். இவ்வளவும் பொறிமுறைச் சுமைகள். இவற்றுக்கு அப்பால் ஒன்று 2011இல் தெளிவானது. பொசுபேற்றைச் சிறுநீர்வழி வெளியேற்றும்படி எலும்பு சுரக்கும் எஃப்ஜிஎஃப் 23 என்ற ஓமோன், சிறுநீரக நோயில் பல மடங்கு பெருகுகிறது. அது இதயத் தசைக் கலங்களை நேரடியாகவே பருக்கச் செய்கிறது என்று அமெரிக்காவில் கிறிஸ்டியன் ஃபோலும் மைல்ஸ் வூல்ஃபும் சகாக்களும் காட்டினார்கள். அமுக்கத்தைக் கட்டுப்படுத்தியும் சிலருக்கு ஏன் சுவர் தடித்துக்கொண்டே போகிறது என்ற நெடுநாள் கேள்விக்கு அது ஒரு பகுதி விடை.

தடித்த தசைக்கு இடையில் நார்த்திசு வளர்கிறது. நார் வளர்ந்த இதயம் சுருங்குவதற்கு முன்பே விரிய மறுக்கிறது. விரியாத அறைக்குள் குருதி இறங்காது. அது பின்னே இடது சோணையறையில் தேங்கி, அங்கிருந்து நுரையீரலில் ஏறி, இரவில் படுத்தால் மூச்சு முட்டுகிறது. முட்டு வருத்தம் என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் இன்ஹேலர் இழுக்கிறவர்களில் சிலருக்கு இருப்பது இந்தச் சுவர்தான். நாருக்கு இன்னொரு தீமையும் உண்டு. இதயத்தின் மின்னலை அதைச் சுற்றி வளைந்து ஓட வேண்டியிருப்பதால், சந்தம் திடீரென்று குலைந்துபோகும் வாய்ப்பு கூடுகிறது.

இந்தச் சுவரை நெஞ்சைத் திறக்காமல் பார்க்கும் வழி கப்பல் கட்டும் தளமொன்றிலிருந்து வந்தது. சுவீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற இதய வைத்தியர், ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளரிடம் தன் தேவையைச் சொன்னார். மால்மோவில் இருந்த கொக்கும்ஸ் கப்பல் தளத்தில் உலோகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று கழியொலியால் சோதிக்கும் கருவி ஒன்று இருந்தது. ஹெர்ட்ஸ் அதை இரவல் வாங்கி நெஞ்சில் வைத்துப் பார்த்தார். 1953 ஒக்டோபர் 29ஆம் திகதி, சீமென்ஸ் தந்த அதே வகைக் கருவியில் துடிக்கும் இதயத்தின் எதிரொலியை இருவரும் பதிவுசெய்தார்கள். எக்கோ என்ற இதயப் பரிசோதனை பிறந்த நாள் அது.

சிலாபத்திலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் போகும் படகுகளில் மீன் பார்க்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு எக்கோவை விளக்க வேண்டிய தேவையே இல்லை. படகின் அடியிலிருந்து ஒலித்துடிப்பு இறங்குகிறது; மீன்கூட்டத்தில் பட்டுத் திரும்புகிறது; போய்வந்த நேரத்தை வைத்து ஆழம் தெரிகிறது. கடல்நீரில் ஒலி செக்கனுக்கு 1,500 மீற்றர் அளவில் ஓடும். நம் உடம்பின் மென்திசுவில் அது சராசரியாக 1,540. இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான், உடம்பின் பெரும்பகுதி நீர் என்பதால். வேறுபாடு ஒலியின் அதிர்வெண்ணில். மீன் கருவி பெரும்பாலும் 50 முதல் 200 கிலோஹேர்ட்ஸ் வரையான ஒலியை அனுப்பும். இதய எக்கோ 2 முதல் 4 மெகாஹேர்ட்ஸ். அதிர்வெண் கூடக் கூட நுணுக்கம் கூடும், எட்டும் ஆழம் குறையும். இதயத்துக்கு 15 சென்ரிமீற்றர் ஆழம் போதும். அந்தத் தூரத்தை ஒலி போய்வர எடுப்பது செக்கனை ஐயாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. அதனால்தான் வால்வு திறந்து மூடுவதை நிகழும்போதே பார்க்க முடிகிறது.

எக்கோ அறிக்கையைக் கையில் வாங்கியதும் எல்லாருடைய கண்ணும் ஒரு எண்ணில் போய் நிற்கும். ஈஎஃப், 60 வீதம். “ஈஎஃப் நல்லாயிருக்கு, பயமில்லை.” இந்தச் சொல்லில்தான் சிறுநீரக நோயாளி ஏமாறுகிறார். ஈஎஃப் என்பது இடது இதயவறையில் நிரம்பிய குருதியில் எத்தனை வீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்ற விகிதம். நலமான இதயவறையில் 120 மில்லிலீற்றர் நிரம்பி 72 வெளியேறினால் 60 வீதம். சுவர் தடித்து உள்ளிடம் சுருங்கிய இதயவறையில் 80 மட்டுமே நிரம்பி 48 வெளியேறினாலும் 60 வீதம்தான். ஒவ்வொரு துடிப்பிலும் உடம்புக்குப் போகும் குருதி மூன்றிலொரு பங்கு குறைந்திருக்கிறது. விகிதம் அதைக் காட்டாது. கனடாவில் ரொபர்ட் ஃபோலியும் பற்றிக் பார்ஃப்ரியும் சகாக்களும் டயலிசிஸ் தொடங்கிய 433 பேருக்கு எக்கோ எடுத்து 1995இல் வெளியிட்டார்கள். சுருங்கும் திறன் குறைந்திருந்தவர்கள் 15 வீதத்தினர். இதயவறைச் சுவர் தடித்திருந்தவர்களோ 74 வீதத்தினர். ஈஎஃப்ஐ மட்டும் பார்த்திருந்தால் இவர்களில் பெரும்பாலோரின் நோய் கண்ணிலேயே பட்டிருக்காது.

அதே அறிக்கையின் மற்ற வரிகளில் விடை இருக்கிறது. ஆண்களுக்குச் சுவரின் தடிப்பு 10 மில்லிமீற்றருக்குள்ளும், பெண்களுக்கு 9க்குள்ளும் இருக்க வேண்டும். இதயவறைத் தசையின் நிறையை உடலின் பரப்பால் வகுத்து வரும் எண், ஆணுக்குச் சதுரமீற்றருக்கு 115 கிராமையும் பெண்ணுக்கு 95 கிராமையும் தாண்டக்கூடாது. இடது சோணையறையின் கனவளவு சதுரமீற்றருக்கு 34 மில்லிலீற்றரைத் தாண்டினால், இதயவறை விரிய மறுத்து நெடுநாளாகப் பின்னமுக்கம் இருந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சாதாரண எக்கோ இயந்திரம் எதிலும் அளக்கக்கூடிய எண்கள் இவை. சில அறிக்கைகளில் இவை வெற்றிடமாகவே கிடக்கின்றன. கிளினிக்கில் நூறு பேர் காத்திருக்கும்போது வைத்தியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சிறுநீரக நோயாளியின் எக்கோவில் விட்டுவிடவே கூடாத வரிகள் இவைதான்.

இன்னும் நுணுக்கமான அளவு ஒன்று வந்திருக்கிறது. எக்கோ படத்தில் இதயத் தசைக்குள் தெரியும் சாம்பல்நிறப் பொட்டுகளைக் கணினி ஒவ்வொரு சட்டகமாகப் பின்தொடர்ந்து, ஒரு துடிப்பில் தசை நீளவாக்கில் எத்தனை வீதம் குறுகியது என்று கணிக்கிறது. ஸ்ட்ரெயின் என்று சொல்கிறார்கள். நலமான இதயம் ஏறத்தாழ 20 வீதம் குறுகும். இதயச் சுவரின் தசைநார்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதில்லை. உட்புறத்து நார்கள் நீளவாக்கிலும் நடுப்பகுதி நார்கள் வளையமாகவும் ஓடுகின்றன. அமுக்கமும் நாரும் குருதிக் குறைவும் முதலில் பாதிப்பது உட்புறத்து நார்களை. அவை தளரும்போது வளைய நார்கள் ஈடுகொடுத்து ஈஎஃப்ஐ 60இலேயே தாங்கிப் பிடிக்கின்றன. ஸ்ட்ரெயின் மட்டும் 20இலிருந்து 16க்கும் 14க்கும் இறங்குகிறது. அவுஸ்திரேலியாவில் ராதிகா கிருஷ்ணசாமி என்ற சிறுநீரக வைத்தியரும் குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, முற்றிய சிறுநீரக நோயில் மரணத்தை முன்னறிவிப்பதில் ஈஎஃப்ஐவிட ஸ்ட்ரெயின் மேலானது என்று காட்டியது. ஒரு கவனம் வேண்டும்: கம்பனிக்குக் கம்பனி மென்பொருள் வேறு, எண்ணும் சற்று வேறுபடும். ஒருவரை ஆண்டுதோறும் ஒப்பிடுவதானால் அதே வகை இயந்திரத்தில் பார்ப்பதுதான் சரி.

சீரீ ஸ்கானையும் எம்ஆர்ஐயையும் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. முடியுருநாடியில் படிந்த கல்சியத்தைச் சீரீயில் எண்ணலாம். ஆர்தர் அகட்ஸ்டன் 1990இல் அமைத்த அளவுகோல் இன்றும் வழக்கில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டயலிசிஸில் இருந்த இளையவர்களை இப்படிப் பார்த்தபோது, 20 முதல் 30 வயதுக்குட்பட்ட 16 பேரில் 14 பேருக்கு நாடியில் கல்சியம் தெரிந்தது. அந்த வயதில் கல்சியமே தெரியக்கூடாது. எம்ஆர்ஐயில் நார்த்திசுவைக் காட்டுவதற்கு ஏற்றும் கடோலினியம், சிறுநீரகம் செயலிழந்தவர்களில் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்கும் கொடிய நோயை உண்டாக்கும் என்று 2006இல் தெரிந்தது. அந்த அச்சத்தால் பல ஆண்டுகள் இந்த நோயாளிகளுக்கு அப்படமே எடுக்கப்படாமல் இருந்தது. இப்போது பாதுகாப்பான கடோலினியச் சேர்மங்கள் உண்டு. மருந்தே ஏற்றாமல், தசை காந்தப்புலத்தில் மீளும் நேரத்தை அளந்து நாரை மதிப்பிடும் முறையும் உண்டு. ஆனால் பத்தலங்குண்டுத் தீவில் வாடியடித்திருக்கும் மீனவக் குடும்பம் ஒன்று வைத்தியசாலைக்கு வர முதலில் வள்ளம் ஏற வேண்டும். கற்பிட்டியில் இறங்கியும் பாலாவிச் சந்தி வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அவர்களுடைய ஆபத்தை எம்ஆர்ஐ வந்துதான் சொல்ல வேண்டும் என்று காத்திருக்க முடியாது.

அடைப்பைத் தேடிப்போவதால் எவ்வளவு பயன் என்பதற்கும் இப்போது தெளிவான சான்று உண்டு. முற்றிய சிறுநீரக நோயும், இதயத் தசைக்குக் குருதி போதாமையும் சோதனையில் தெரிந்த 777 பேரை ஸ்ரீபால் பெங்களூர் தலைமையிலான குழு இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்கு அஞ்சியோகிராம் செய்து, தேவையானவர்களுக்கு ஸ்டென்ற் அல்லது பைபாஸ். மறு பிரிவினருக்கு மருந்து மட்டும். 2020இல் வெளியான முடிவில், மரணமும் மாரடைப்பும் இரு பிரிவிலும் ஏறத்தாழ சமம். மாரடைப்பு வந்துகொண்டிருக்கும் நேரத்துக்கு இது பொருந்தாது. அப்போது அடைப்பை நீக்குவது உயிர் காக்கும். நெஞ்சு இறுக்கம் தாங்கமுடியாத அளவில் இருந்தாலும் பேச்சு வேறு. ஆனால் நோய் நிலையாக இருக்கும் சிறுநீரக நோயாளி ஒருவர், காணியை ஈடுவைத்தாவது கொழும்பில் ஸ்டென்ற் போட வேண்டும் என்று பதறத் தேவையில்லை என்பதை இந்த ஆய்வு சொல்கிறது.

ஆபத்தை முன்கூட்டிக் கணிக்கும் சமன்பாடுகளின் கதை மசாசுசெட்ஸ் மாநிலத்துச் சிறு நகரமான ஃபிரேமிங்ஹாமில் 1948இல் தொடங்கியது. 5,209 பேரைப் பதிவுசெய்து பல பதிற்றாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வயது, புகை, குருதியமுக்கம், கொலஸ்ட்ரோல், நீரிழிவு என்ற காரணிகள் அங்கேதான் எண்களாயின. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வண்ண அட்டவணைகள் உலகின் ஒவ்வொரு பிராந்தியத்துக்கெனவும் தனித்தனியாகத் திருத்தப்பட்டவை. ஆனால் அவற்றில் சிறுநீரகத்துக்கு இடமில்லை. 2023இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட பிரிவென்ற் என்ற சமன்பாடுகளில்தான் வடிகட்டும் வீதம் அடிப்படைக் காரணியாகவே சேர்ந்தது. 60 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவில் எழுந்தது அது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மட்டுமன்றி இதயச் செயலிழப்பையும் அது கணிக்கிறது. அடைப்பிலிருந்து சுவருக்குப் பார்வை திரும்பியதன் அடையாளம் என்றே இதை நான் பார்க்கிறேன்.

நல்ல சமன்பாட்டுக்கு இரண்டு தகுதி வேண்டும். யாருக்கு ஆபத்துக் கூட, யாருக்குக் குறைவு என்று வரிசைப்படுத்த வேண்டும். அத்தோடு, நூறு பேரில் பத்துப் பேருக்கு வரும் என்று அது சொன்னால் உண்மையிலும் பத்துப் பேருக்கே வர வேண்டும். முதலாவது தகுதி நாடு கடந்தும் பெரும்பாலும் தங்கும். இரண்டாவது தங்காது. கனடாவில் நவ்தீப் தங்ரி 2011இல் அமைத்த சிறுநீரகச் செயலிழப்புச் சமன்பாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வயது, பால், வடிகட்டும் வீதம், சிறுநீரில் கசியும் அல்புமின் புரதம் என்ற நான்கே விடயங்கள். 2016இல் 30க்கும் மேற்பட்ட நாடுகளின் தரவில் சோதித்தபோது வரிசைப்படுத்தல் எங்கும் சிறப்பாக இருந்தது. ஆனால் வட அமெரிக்காவுக்கு வெளியே அடிப்படை அபாயத்தை இரண்டாண்டுக் கணிப்பில் 32.9 வீதமும் ஐந்தாண்டுக் கணிப்பில் 16.5 வீதமும் குறைத்துத் திருத்த வேண்டியிருந்தது.

புத்தளத்துக்கு இந்தத் திருத்தம் இன்னும் சிக்கலானது. மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் அநுராதபுரம். 1990களில் இருந்து, காரணம் உறுதிப்படாத சிறுநீரக நோய் விவசாயிகளைத் தாக்கிவரும் மண் அது. அந்நோய் சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த திசுவையும் அரிக்கிறது. சிறுநீரில் அல்புமின் அதிகம் கசிவதில்லை. நோய் முற்றும்வரை பலருக்கு அமுக்கமும் ஏறுவதில்லை. கரையோரத்து நீரிழிவு நோயாளியோ நேரெதிர். அவருக்குச் சிறுநீரில் அல்புமின்தான் முதல் அறிகுறி, வடிகட்டும் வீதம் பிறகுதான் விழும். அல்புமினை நம்பி எழுந்த சமன்பாடு இந்த இருவரையும் ஒரே நேர்மையோடு கணிக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். வண்ணாத்திவில்லுப் பக்கத்து விவசாயியும் கண்டக்குழி மீனவரும் ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள் என்பதற்காக ஒரே எண்ணில் அடங்கிவிட மாட்டார்கள். இலங்கை தன் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த பதிவிலிருந்துதான் இதற்கான திருத்தம் வர முடியும். ஒவ்வொருவர் கையிலும் கிளினிக் கொப்பி இருக்கும் நாட்டில், இலவச வைத்தியத்தை விடாமல் காத்துவந்த நாட்டில், அது எட்டாத காரியமல்ல.

உப்பளத்து வெயிலை எந்தச் சமன்பாடும் கேட்பதில்லை. தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளரை வித்யா வேணுகோபாலும் குழுவினரும் ஆராய்ந்தபோது, பெரும்பாலானோர் பாதுகாப்பான எல்லையைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வது தெரிந்தது. சிறுநீரகப் பாதிப்பும் தெரிந்தது. நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் மனிதர், குறிப்பாகப் பெண்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் உடம்பு வலிக்கு டைக்குளோஃபெனக் குளுசை. உடம்பு காய்ந்திருக்கும்போது அந்தக் குளுசை சிறுநீரகத்துக்குப் போகும் குருதியைக் குறைக்கிறது. புத்தளத்து உப்பளங்களிலும் அதே வெயில்தான்.

உணவிலும் இந்தக் கரைக்கென்று இரண்டு கவலைகள். ஒன்று கருவாட்டிலும் மாசியிலும் சேரும் உப்பு. உப்பு அந்தச் சுவரைத் தடிக்க வைக்கும் வழியை மேலே பார்த்தோம். மற்றது பலர் நினைத்துப் பார்க்காதது: செவ்விளநீர். தென்னை முக்கோணத்தில் இருக்கும் இந்த மாவட்டத்தில் களைத்தவருக்கும் காய்ச்சல்காரருக்கும் முதலில் கொடுப்பது அதுதான். நலமான சிறுநீரகத்துக்கு அது நல்ல பானம். வடிகட்டும் வீதம் 20க்கும் 15க்கும் இறங்கியவருக்கு அதிலுள்ள பொற்றாசியம் நஞ்சாகலாம். பொற்றாசியம் ஏறினால் ஈசிஜியில் டீ அலை கூர்மையாக உயரும், பிறகு அலைகள் அகலும், பிறகு துடிப்பே குலையும். சில நிமிடத்தில் எடுக்கும் ஈசிஜியும் இதயத்தின் ஒரு படந்தான். கிராம வைத்தியசாலையிலும் எடுக்கக்கூடிய, உடனே உயிர் காக்கும் படம்.

டயலிசிஸ் நோயாளிகளின் திடீர் மரணங்கள் பலவற்றுக்கும் பின்னால் இருப்பது இப்படிச் சந்தம் குலைவதுதான். தடித்த, நாரோடிய சுவரில் பொற்றாசியமும் நீரும் ஏறியிறங்கும்போது அது நேர்கிறது. வாரத்துக்கு மூன்று முறை டயலிசிஸ் செய்பவர்களிடமே, இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாள் மரணம் கூடுதல் என்று அமெரிக்கத் தரவுகளை வைத்து ரொபர்ட் ஃபோலி 2011இல் காட்டினார். நம் நாட்டில் வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் செய்பவர்கள் பலர். அவர்களுக்கு அப்படி நீண்ட இடைவெளி ஒவ்வொரு வாரமும் இரண்டு முறை வருகிறது. இடைவெளி நாட்களில் உப்பையும் பொற்றாசியத்தையும் கட்டுப்படுத்துவது அவர்களுக்கு எந்தக் குளுசைக்கும் குறையாத வைத்தியம். எக்கோ எடுக்கும் நாளையும் கவனிக்க வேண்டும். நீர் ஏறிய நிலையில் எடுத்தால் சோணையறை பெருத்துத் தெரியும், அமுக்கங்கள் ஏறித் தெரியும். டயலிசிஸ் முடிந்த மறுநாள், உடலெடை சரியான அளவில் இருக்கும்போது எடுத்த படமே ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட உதவும்.

தடித்த சுவர் தடித்தபடியே கிடக்க வேண்டும் என்ற விதி இல்லை. அமுக்கத்தைச் சீராகக் குறைத்தால் தசையின் நிறை குறைகிறது. டயலிசிஸை அடிக்கடி செய்தால் குறைகிறது என்று 2010இல் வட அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நீரிழிவுக்கென வந்த டாபாகிளிஃப்லோசின் குளுசை, நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளிகளிடமும் சிறுநீரகச் செயலிழப்பையும் இதயச் செயலிழப்பால் வைத்தியசாலையில் சேர்வதையும் குறைப்பது 2020இல் தெரிந்தது. இரண்டு கிளினிக்குக்கும் பொதுவான குளுசை அது. ஒரு கொப்பியில் எழுதியது மற்றக் கொப்பியில் இல்லாவிட்டால் அதையும் இரட்டிப்பாகவோ இடையில் விட்டோ குடிக்க நேரும். ஆகவே கொப்பி இரண்டையும் ஒவ்வொரு முறையும் இரண்டு கிளினிக் வைத்தியர்களிடமும் காட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட வலுவான சான்று மாற்றுச் சிறுநீரகத்திலிருந்து வருகிறது. ஈஎஃப் 40க்குக் கீழே விழுந்துவிட்ட டயலிசிஸ் நோயாளிகளைப் பல நிலையங்கள் மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு எடுக்க மறுத்துவந்தன, இதயம் தாங்காது என்று. மேரிலாந்தில் அப்படிப்பட்ட 103 பேருக்குச் சிறுநீரகம் மாற்றிப் பொருத்தி 2005இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 32 வீதமாக இருந்த ஈஎஃப் ஓராண்டில் 52 வீதத்துக்கு ஏறியிருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: டயலிசிஸில் கழித்த காலம் நீண்டிருந்தவர்களுக்கு அந்த மீட்சி குறைவாகவே கிடைத்தது. ஆகவே வடிகட்டும் வீதம் 20ஐ நெருங்கும்போதே, டயலிசிஸ் தொடங்கும் முன்னரே, சிறுநீரகம் கொடுக்கக்கூடிய உறவினரின் பரிசோதனைகளை ஆரம்பிக்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். அந்த ஆண்டு எடுத்த எக்கோவில் சுவரின் தடிப்பு எத்தனை மில்லிமீற்றர் என்பதையும் கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.